ஃபைன் கட்டினால் கேஸ் முடிந்துவிடுமா?

தென்மாவட்டம் ஒன்றிலிருந்து 24 வயது வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அப்பாவுக்குச் சின்னதாக ஒரு பரோட்டா கடை. மகன் பி.காம். முடித்துவிட்டு இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்குப் படித்துக்கொண்டே ராத்திரியில் கல்லாவைப் பார்த்துக்கொள்கிறார். போன வருடம் ஒரு நாள் ராத்திரி பதினொன்றரை மணிக்கு ரோந்து வந்த காவலர்கள் இருவர், "இன்னும் அடுப்பை அணைக்கலையா?" என்று சத்தம் போட்டிருக்கிறார்கள். "பார்சல் ரெண்டுதான் சார், முடிஞ்சிரும்" என்று அப்பா சொல்ல, வார்த்தை தடித்திருக்கிறது. ஒருவர் லத்தியால் அப்பாவின் நெஞ்சில் வைத்துத் தள்ள, மகன் பாய்ந்து லத்தியின் மறுமுனையைப் பிடித்திருக்கிறார். அவர் இழுக்க, இவர் இழுக்க, லத்தி இவர் கைக்கு வந்துவிட்டது. கீழே போட்டுவிட்டார். அரை மணி நேரத்தில் ஜீப் வந்தது. ஆறு நாள் கிளைச் சிறையில் இருந்துவிட்டு ஜாமீனில் வந்தார்.

எஃப்.ஐ.ஆரில் வழக்கமான வாசகம்: "அரசுப் பணியைச் செய்யவிடாமல் தடுத்து, தகாத வார்த்தைகளால் திட்டி, கொலை மிரட்டல் விடுத்து..." பிரிவுகள் பாரதிய நியாய சன்ஹிதா, அதாவது பி.என்.எஸ். 132 (அரசுப் பணியைத் தடுக்கப் பலம் பயன்படுத்துதல்), 296(பி) (ஆபாச வார்த்தை), 351(3) (கொலை மிரட்டல்). குற்றப்பத்திரிகை தாக்கலாகி சம்மன் வந்துவிட்டது. ஸ்டேஷன் ரைட்டர், "குத்தத்தை ஒத்துக்கிட்டு ஃபைனைக் கட்டுப்பா, ஒரே வாய்தாவுல முடிஞ்சிரும்" என்கிறார். அந்தக் காவலரோ, சாட்சிக் கூண்டில் மாற்றிச் சொல்லிவிடுவதாக ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருக்கிறார். நடந்ததில் ஒரு பகுதியைப் பக்கத்துச் செல்போன் கடைக்காரர் வீடியோ எடுத்து வைத்திருக்கிறார். "எதைச் செய்தால் சீக்கிரம் முடியும்? இரண்டு வருடம் உள்ளே போய்விடுவேனோ? அவர் மேல் நான் கையே வைக்கவில்லையே, லத்தியைத்தானே பிடித்தேன்? தேர்வு விண்ணப்பத்தில் இந்த வழக்கைச் சொல்ல வேண்டுமா?" இவைதாம் அவருடைய கேள்விகள்.

தம்பி, கடிதம் முழுக்க 'எப்போது முடியும்' என்றே கேட்டிருக்கிறீர்கள். உங்கள் விஷயத்தில் எப்படி முடிகிறது என்பதுதான் பெரிது. வேறொருவருக்கு இதே வழக்கு வந்திருந்தால் ரைட்டர் சொல்வதில் பாதியையாவது நான் ஒத்துக்கொண்டிருப்பேன். காக்கி உடுப்புக்குப் படிக்கும் உங்களுக்கு அது சரிப்படாது.

ஃபைன் என்பதும் தண்டனைதான்

ஹெல்மெட் போடாததற்குச் செலான் கட்டுவதும், 132-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஃபைன் கட்டுவதும் ஒன்றல்ல. 'குற்றவாளி' என்று தீர்மானித்த பிறகுதான் மாஜிஸ்திரேட் அபராதம் விதிப்பார். தொகை ஐநூறோ ஐயாயிரமோ, பதிவேட்டில் நீங்கள் தண்டிக்கப்பட்டவர். ஒப்புக்கொண்டு தண்டனை வாங்கினால் அப்பீலும் அநேகமாகப் போய்விடும். தண்டனையின் அளவு அதிகம், அல்லது சட்டப்படி செல்லாது என்று மட்டுமே மேல்முறையீடு செய்யலாம். "நான் அப்படிச் செய்யவே இல்லை" என்று பிறகு வாதாட புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸின் பிரிவு 416 இடம் கொடுக்காது. இதை ரைட்டர் சொல்லியிருக்க மாட்டார். அவருக்குக் கோப்பு முடிந்தால் போதும்.

அதே நடைமுறைச் சட்டத்தில் உள்ள குற்ற பேரமும், அதாவது குற்றத்தை ஒப்புக்கொண்டு குறைந்த தண்டனையைப் பேசி வாங்குவதும், ஒரு வகை ஒப்புதலே. குற்றச்சாட்டு வனைந்த 30 நாளுக்குள் மனு போட்டால், முதல் முறை குற்றத்துக்கு வருகிறவர்களுக்குத் தண்டனை வெகுவாகக் குறையும். ஆனாலும் அது தண்டனைத் தீர்ப்புதான். சமூக சேவை செய்யச் சொல்லி விட்டுவிடுவார்களாமே என்று கேட்டிருக்கிறீர்கள். அது பி.என்.எஸ்.ஸில் சிறு திருட்டு, அவதூறு, குடித்துவிட்டுப் பொது இடத்தில் கலாட்டா என்று விரல்விட்டு எண்ணும் குற்றங்களுக்கு மட்டும். 132-க்குக் கிடையாது.

இரண்டு வருடம் உள்ளே போவேனா?

அந்தப் பயத்தை முதலில் குறைத்துக்கொள்ளுங்கள். 132 என்பது பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 353. உச்சபட்சம் 2 ஆண்டு, அல்லது அபராதம், அல்லது இரண்டும். குறைந்தபட்சத் தண்டனை என்று எதுவும் இல்லை. ஆபாச வார்த்தைக்கான 296-இல் 3 மாதம் வரை. 351(3)-இல் 7 ஆண்டு என்று பார்த்து மிரண்டிருப்பீர்கள். உங்கள் வழக்கை நடத்தும் முதல் வகுப்பு ஜுடிசியல் மாஜிஸ்திரேட்டுக்கு 3 ஆண்டுக்கு மேல் தண்டனை தரும் அதிகாரமே கிடையாது.

முன்வழக்கு இல்லாத இளைஞர், ஆயுதம் இல்லை, காயம் இல்லை, கூட்டம் சேர்க்கவில்லை என்ற நிலையில், குற்றம் நிரூபணமானாலும் அபராதம், நீதிமன்றம் கலையும் வரை சிறை, அல்லது சில மாதம் என்ற வட்டத்துக்குள்தான் பெரும்பாலும் வரும். உள்ளே இருந்த ஆறு நாள் கழிக்கப்படும். 3 ஆண்டுக்குள் தண்டனை என்றால், ஜாமீனில் இருக்கும் நீங்கள் அப்பீல் போடுவதற்காக அதே நீதிமன்றம் தண்டனையை நிறுத்திவைக்கும். செஷன்ஸ் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள்.

1958-ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டமும் இருக்கிறது. 2 ஆண்டுக்கு மிகாத குற்றம் என்றால் கண்டித்து அனுப்பிவிடலாம் என்கிறது பிரிவு 3. 132 மட்டும் மிஞ்சினால் அது சரியாக இதற்குள் வரும். பிரிவு 4-இன்படி நன்னடத்தைப் பிணையில் விடலாம். கொடுக்க மறுத்தால் மாஜிஸ்திரேட் அதற்குக் காரணம் எழுத வேண்டும். வக்கீல்கள் இதைக் கேட்க மறந்துவிடுவது எனக்குப் புரியாத புதிர். குற்றவாளி என்று சொல்லிவிட்டு, "தண்டனை பற்றி ஏதாவது சொல்ல வேண்டுமா?" என்று மாஜிஸ்திரேட் கேட்கும்போது, "குடும்பத்துக்கு ஒரே பிள்ளைங்க ஐயா" என்று கைகூப்புவதோடு நிறுத்திவிடுகிறார்கள்.

காயம் பற்றி ஒரு எச்சரிக்கை. காவலருக்குச் சிறு காயம் என்று அரசு மருத்துவமனை ஏ.ஆர். காப்பி (விபத்துப் பதிவேட்டின் நகல்) இருந்தால் பிரிவு 121(1) சேரும். பழைய சட்டத்தில் 3 ஆண்டாக இருந்தது இப்போது 5 ஆண்டு. உங்கள் எஃப்.ஐ.ஆரில் அது இல்லை. குற்றப்பத்திரிகையோடு கொடுத்த காகிதங்களில் காயச் சான்று ஏதாவது முளைத்திருக்கிறதா என்று ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பாருங்கள்.

"லத்தியைத்தானே பிடித்தேன்?"

இங்கே உங்கள் எண்ணம் சட்டத்தோடு ஒத்துப்போகவில்லை. உடம்பில் கை பட்டால்தான் பலப்பிரயோகம் என்பதில்லை. ஒருவர் அணிந்திருப்பதை, கையில் வைத்திருப்பதைத் தொட்டு அசைத்தாலும் அது அவர் மேல் பலம் பயன்படுத்தியதாகும் என்று பி.என்.எஸ். 128 சொல்கிறது. லத்தி அதில் அடங்கும். வெறும் சத்தம் போட்டதற்கும் திட்டியதற்கும் இந்தப் பிரிவு பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. பெங்களூரு போக்குவரத்துக் காவல்துறையின் ஃபேஸ்புக் பக்கத்தில் கோபமாக எழுதியவர் மீதான வழக்கை 2015-இல் ரத்து செய்ததும் அப்படித்தான். அந்தத் தீர்ப்பை யாராவது உங்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருப்பார்கள். உங்கள் வழக்கு அந்த ரகமில்லை. எஃப்.ஐ.ஆரிலேயே இழுபறி இருக்கிறது.

"அப்பாவை அடிக்க வந்தார், காப்பாற்றினேன், இது தற்காப்பு" என்பதிலும் ஒரு முள் இருக்கிறது. அரசு ஊழியர் நல்லெண்ணத்தோடு, பதவியின் பேரில் செய்யும் காரியம் சட்டப்படி கறாராகச் சரியில்லாவிட்டாலும், உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ நியாயமான பயம் இருந்தாலொழிய அவருக்கு எதிராகத் தற்காப்பு உரிமை இல்லை என்கிறது பிரிவு 37. அடுப்பை அணைக்கச் சொல்ல வந்தவர் வயசாளியை லத்தியால் தள்ளியது நல்லெண்ணமா என்று கேட்க உங்களுக்கு இடம் உண்டு, கேட்கவும் வேண்டும். ஆனால் தற்காப்பு என்று சொன்ன நொடியில் லத்தியை இழுத்ததை ஒப்புக்கொண்டதாகிவிடும். வீடியோவில் அது தெரிகிறது என்றால் ஒப்புக்கொள்வதில் நஷ்டமில்லை. தெரியவில்லை என்றால் வக்கீலோடு உட்கார்ந்து யோசித்த பிறகே வாயைத் திறக்க வேண்டும்.

என் கணிப்பில் உங்களுக்கு வலுவான இடம் நோக்கம். 132-இல் காவலர் தன் கடமையைச் செய்துகொண்டிருந்தார் என்பதையும், அதைத் தடுக்கவோ, அதனாலேயோ நீங்கள் பலம் பயன்படுத்தினீர்கள் என்பதையும் அரசுத் தரப்பு காட்ட வேண்டும். கடையை மூடச் சொல்வது ரோந்துப் பணி என்று வைத்துக்கொள்வோம். நெஞ்சில் லத்தி வைத்துத் தள்ளுவது எந்தப் பணி? லத்தி கைக்கு வந்ததும் அதைக் கீழே போட்டீர்களே, அந்த ஒரு அசைவு வீடியோவில் இருந்தால் எத்தனையோ வாதங்களை விட அது பெரிது.

"புகார் கொடுத்ததும் அதே ஸ்டேஷன், விசாரித்ததும் அதே ஸ்டேஷன், கேஸ் நிற்காது" என்ற நம்பிக்கையையும் விட்டுவிடுங்கள். அது மட்டுமே விசாரணையைச் செல்லாததாக்கிவிடாது என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2020-இல் சொல்லிவிட்டது. 7 ஆண்டு வரை தண்டனையுள்ள வழக்குகளில் எடுத்த எடுப்பில் கைது செய்யக் கூடாது என்ற அர்னேஷ் குமார் தீர்ப்பு 2014-இலிருந்தே இருக்கிறது. உங்களைக் கைது செய்த விதம் அதற்கு ஒத்துவரவில்லை என்றாலும் வழக்கு அதனால் விழாது.

காவலர் மாற்றிச் சொன்னால் நல்லதுதானே?

இந்த இடத்தில்தான் நீங்கள் அறியாமல் காலை விட்டுவிடுவீர்களோ என்று எனக்குக் கவலை. 132 சமாதானம் செய்துகொள்ளக்கூடிய குற்றங்களின் பட்டியலில் இல்லை. காவலர் மனசு மாறினாலும் மாஜிஸ்திரேட் முன்னால் ராஜி போட முடியாது. அதனால்தான் பிறழ் சாட்சி என்ற குறுக்கு வழியைக் காட்டுகிறார்கள். கடை வைத்திருப்பவருக்கு அது போதும். விடுதலை விடுதலைதான்.

உங்களுக்குப் போதாது. தமிழ்நாடு சிறப்புக் காவல் சார்நிலைப் பணி விதிகளில் 14(பி) என்று ஒன்று இருக்கிறது. காவல்துறைச் சரிபார்ப்பின்போது குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவராக இருக்கக் கூடாது என்பது விதி. அதன் விளக்கம் இன்னும் கடுமை: சந்தேகத்தின் பலனில் விடுதலையானவரையும், புகார்தாரர் பிறழ்ந்ததால் விடுதலையானவரையும் வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருத வேண்டும். இந்த விதியைச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு 2008-இல் உறுதி செய்திருக்கிறது. அந்தக் காவலர் உங்களுக்கு உதவுவதாக நினைத்துக் கூண்டில் மாற்றிச் சொன்னால், தீர்ப்பில் 'பிறழ் சாட்சி' என்ற வரி ஏறும். அதுவே உங்கள் வேலைக்கு உலை வைக்கும். சாட்சியோடு பேரம் பேசினீர்கள் என்ற பேச்சு வந்தால் ஜாமீனும் ஆட்டம் காணும். தூது வந்தவரிடம் "வேண்டாம்ணே" என்று சொல்லிவிடுங்கள்.

அதே விதியில் ஒரு கதவும் திறந்திருக்கிறது. மாண்புடன் விடுதலை (குற்றமே செய்யவில்லை என்று முழுமையாக விடுவிப்பது), அல்லது பொருண்மைப் பிழை (புகாரே தவறான தகவலில் எழுந்தது) என்று வழக்கு முடிந்தால் சம்பந்தப்படாதவராகக் கொள்ளப்படுவீர்கள், அடுத்த தேர்வில் கலந்துகொள்ளலாம்.

இனி செய்ய வேண்டியவை

முதலில் விடுவிப்பு மனு, அதாவது விசாரணை தொடங்கும் முன்பே வழக்கிலிருந்து விடுவிக்கக் கேட்கும் மனு. குற்றப்பத்திரிகை நகல்கள் கைக்கு வந்த நாளிலிருந்து 60 நாள் கெடு. இதைத் தவறவிடாதீர்கள். 296(பி)-யும் 351(3)-உம் இந்தக் கட்டத்திலேயே விழ வாய்ப்பு உண்டு. வெறும் வசவு ஆபாசம் ஆகாது, காமத்தைத் தூண்டும் தன்மை அதில் இருக்க வேண்டும் என்று தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2022-இல் சொல்லியிருக்கிறது. நீங்கள் சொன்ன வார்த்தை எது என்றே எஃப்.ஐ.ஆரில் இல்லாவிட்டால் இன்னும் எளிது. கொலை மிரட்டலுக்கும் அப்படித்தான். கோபத்தில் கத்தியது போதாது, பயமுறுத்தும் நோக்கம் வேண்டும். இவை இரண்டும் போய்விட்டால் உங்கள் தலைக்கு மேல் இருப்பது 7 ஆண்டுப் பிரிவு அல்ல, 2 ஆண்டுப் பிரிவு.

அடுத்து, வழக்கையே ரத்து செய்யக் கேட்டு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ரத்து மனு. ஜெயித்தால் இதைவிடச் சுத்தமான முடிவு இல்லை. ஆனால் லத்தி இழுபறி நடந்ததா, எதற்காக என்பது சாட்சியத்தில் தீர வேண்டிய விஷயம் என்று உயர் நீதிமன்றம் திருப்பி அனுப்பவே வாய்ப்பு அதிகம். கையில் பணம் குறைவு என்றால் இதில் செலவழிக்காமல் விசாரணைக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். வேறு வக்கீல்கள் மாற்றிச் சொல்லலாம்.

விசாரணை நடந்தால் நீங்கள் சும்மா ஜெயித்தால் போதாது, உங்கள் தரப்பு உண்மை என்று தீர்ப்பில் எழுதும்படி ஜெயிக்க வேண்டும். நம் ஊர் வக்கீல்களில் பலர், "அரசுத் தரப்பு நிரூபிக்கட்டும், நாம் சாட்சியே போட வேண்டாம்" என்பார்கள். பொதுவாக நல்ல உத்தி. ஆனால் அது கொண்டுவருவது சந்தேகத்தின் பலன். உங்களுக்காக அப்பா கூண்டேற வேண்டும். செல்போன் கடைக்காரரும் வர வேண்டும். ரோந்துப் பணிப் பதிவு, ஸ்டேஷன் பொது நாட்குறிப்பு ஆகியவற்றை வரவழைக்க மனு போட வேண்டும். எஃப்.ஐ.ஆர். எத்தனை மணிக்கு மாஜிஸ்திரேட் கைக்குப் போனது என்ற குறிப்பு அதன் மேலேயே இருக்கும். தாமதம் இருந்தால் அதைக் குறுக்கு விசாரணையில் கேட்க வேண்டும்.

வீடியோவைப் பற்றி அழுத்திச் சொல்கிறேன். எடுத்த போன் அப்படியே இருக்கட்டும். விற்க வேண்டாம், ரீசெட் செய்ய வேண்டாம். வாட்ஸ்அப்பில் வந்த பிரதி தரம் குறைந்தது, மூலம் ஆகாது. பாட்டுப் போட்டு ரீல்ஸ் ஆக்கினால் மிச்சமிருக்கும் மதிப்பும் போய்விடும். புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியம் 63-இன்படி, போன் வைத்திருப்பவரின் பகுதியும் நிபுணரின் பகுதியும் சேர்ந்த சான்றிதழ் வேண்டும். அந்தக் கடைக்காரரை இன்றே போய்ப் பாருங்கள்.

அப்பாவைத் தள்ளியது பற்றித் தனியாகப் புகார் கொடுக்கலாமா என்று போகிற போக்கில் கேட்டிருக்கிறீர்கள். கொடுக்கலாம். மாநில மனித உரிமை ஆணையத்தில் சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் மனு போட வேண்டும், உங்களுக்கு நாள் அதிகம் மிச்சமிருக்காது. ஆனால் புகாரில் எழுதும் ஒவ்வொரு வரியும் நாளை உங்கள் வழக்கில் உங்களையே கேள்வி கேட்கும். வக்கீல் பார்க்காமல் அனுப்பாதீர்கள். செலவுக்கு வழியில்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள், உதவி எண் 15100.

வாய்தாவுக்கு ஒழுங்காகப் போங்கள். போகாவிட்டால் பிடிவாரண்ட் வரும், அதற்குத் தனி வழக்கும் வரலாம்.

விண்ணப்பத்தில் என்ன எழுதுவது?

'வழக்கு உண்டா' என்ற கட்டத்தில் 'ஆம்' என்று எழுதுங்கள். குற்ற எண், பிரிவு, நீதிமன்றம், 'நிலுவையில்' என்று முழுசாக. மறைத்தவர்களை வேலையில் சேர்ந்த பிறகும் நீக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2016-இல் தெளிவாக்கியிருக்கிறது. அற்ப வழக்கு என்றால் மறைத்ததை மன்னிக்கும் விருப்ப அதிகாரம் நிர்வாகத்துக்கு உண்டு. ஆனால் காவல்துறை விஷயத்தில் அந்தத் தயவை எதிர்பார்த்து எதையும் மறைக்காதீர்கள். எப்படியும் சரிபார்ப்புக்கு வருவது அதே ஸ்டேஷன்தான்.

உண்மையை எழுதினால் வழக்கு முடியும் வரை ஒரு தேர்வு கைநழுவிப் போகலாம், இரண்டும் போகலாம். அதற்குள் குரூப் 4 மாதிரி மற்றவற்றையும் எழுதிவையுங்கள். அங்கேயும் வழக்கைச் சொல்லத்தான் வேண்டும் என்றாலும், காவல் பணியின் இந்த 14(பி) கெடுபிடி அங்கே அப்படியே இல்லை. தண்டனை என்று ஆகி, நன்னடத்தைச் சட்டத்தில் விடப்பட்டால், அதன் பிரிவு 12 தகுதியிழப்பிலிருந்து ஓரளவு காக்கும். காவல் பணிக்கு அதை நம்ப முடியாது.

நகல்கள் எந்தத் தேதியில் கைக்கு வந்தன என்று கடிதத்தில் நீங்கள் சொல்லவில்லை. நீதிமன்றத்தில் கையெழுத்துப் போட்டு வாங்கிய அந்த நாளைக் குறித்துக்கொண்டு, இந்த வாரமே வக்கீலைப் பாருங்கள்.